பச்சை குத்திய தாள்



சாதியால் ஒதுக்கப்பட்ட ஒருவர் தூரிகையைக் கையில் எடுத்தால் எதை வரைவார்? அடிபட்டதை வரைவார், அழுததை வரைவார் என்றுதான் நம்மில் பலர் எதிர்பார்க்கிறோம். வலியைப் பார்த்துவிட்டு, மனம் இளகி, வீட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறோம். பீகாரின் ஜித்வார்பூரில் துசாத் சாதிப் பெண்கள் 1970களில் தாளையும் மூங்கில் குச்சியையும் எடுத்தபோது நடந்தது அதுவல்ல. அவர்கள் யானை மேல் வரும் தங்கள் அரசனை வரைந்தார்கள். தங்கள் கைகளிலும் கால்களிலும் குத்தியிருந்த பச்சையை எடுத்துத் தாளில் வைத்தார்கள். அழுகையைத் தேடி வந்தவர்களுக்கு அந்தத் தாள்களில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஒதுக்கப்பட்ட அனுபவம் அதில் முழுக்க முழுக்க இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

கதை கொஞ்சம் முன்பே தொடங்குகிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அப்போது மதுபனி வட்டாரத்தில் அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் சேதத்தைப் பார்க்கக் கிராமம் கிராமமாகப் போனார். இடிந்து விழுந்த வீடுகளின் உள்சுவர்களில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியுமாக ஓவியங்கள் இருந்தன. புதுமணத் தம்பதிக்கான கோஹ்பர் அறையில் வீட்டுப் பெண்கள் வரைந்தவை அவை. வெளியார் கண்ணில் படாமல் இருந்த சுவர்கள் நிலநடுக்கத்தால் தெருவுக்கு வந்திருந்தன. ஆர்ச்சர் படம் எடுத்து வைத்தார். 1949இல் ‘மார்க்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை பிராமணப் பெண்களின் சுவர்களையும் காயஸ்தப் பெண்களின் சுவர்களையும் பற்றியது. அதே ஊர்களில் தனி டோலாவில் வாழ்ந்தவர்களின் குடிசைகளைப் பற்றி அது பேசவில்லை. டோலா என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்பது நமக்குத் தெரியாததா?

பிறகு 1966–67இல் பீகாரில் கடும் வறட்சி. விவசாயம் பொய்த்த குடும்பங்களுக்கு ஒரு வருமானம் வேண்டும் என்று அகில இந்திய கைவினை வாரியத்திலிருந்து புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் வரைந்ததைத் தாளில் வரைந்து தாருங்கள், விற்றுத் தருகிறோம் என்றார் குல்கர்னி. வீட்டுச் சடங்காக இருந்தது சந்தைச் சரக்காக மாறியது அப்போதுதான். முன்வந்தவர்களில் புகழ் பெற்றவர்கள் ஜகதம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி ஆகியோர். வண்ணம் நிரப்பி வரைவது பிராமணப் பெண்களின் வழக்கம், மெல்லிய கோடுகளால் இழைப்பது காயஸ்தப் பெண்களின் வழக்கம் என்று பாணிகளுக்கே சாதி அடையாளம் இருந்தது. இரு சாதிப் பெண்களும் வரைந்தது பெரும்பாலும் ராமனையும் சீதையையும், கண்ணனையும் ராதையையும், துர்கையையும் காளியையும்.

தாள் தங்கள் டோலாவுக்கு வந்தபோது துசாத் பெண்களுக்கு முன்னால் ஒரு சிக்கல் நின்றது. வறுமை எல்லோருக்கும் பொதுதான். ஆனால் யாருடைய கோயிலுக்குள் தங்களை விடவில்லையோ அந்தத் தெய்வங்களைத் தாங்கள் வரையலாமா? மேல்சாதியாருக்கு அதில் விருப்பமில்லை. சடங்குச் சித்திரம் என்பது யாருடைய வீட்டுச் சொத்து என்ற கேள்வி அந்த ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்காமலே தீர்ந்துபோயிருந்தது. இப்படி ஒருவருக்கு எதை வரைய உரிமை இல்லை என்பதைக் கூடப் பிறப்பு முடிவு செய்கிறது என்பதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கிணறும் கோயிலும் தெருவும் மறுக்கப்பட்டதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். உருவங்கள் மறுக்கப்பட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

அப்போது அங்கே களஆய்வு செய்துகொண்டிருந்த எரிகா மோசர் என்ற ஜெர்மானிய மானிடவியல் ஆய்வாளர், வரைந்து விற்கும்படி அந்தப் பெண்களைத் தூண்டினார். தங்களிடம் என்ன இருக்கிறது என்று அவர்கள் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவரான சானோ தேவி தன் உடம்பைப் பார்த்தார். உழைக்கும் சாதிப் பெண்களின் முன்கையிலும் கணுக்காலிலும் கோத்னா என்று அவர்கள் சொல்லும் பச்சை இருந்தது. வட்டங்கள், புள்ளி வரிசைகள், சின்னச் சின்ன ஆள் உருவங்கள், மரம், மிருகம். நம் ஊரில் குறத்திப் பெண்கள் வந்து குத்திய பச்சை போலவே, அங்கே நட் சாதிப் பெண்கள் வீடு வீடாக வந்து ஊசியால் குத்திவிட்டுப் போவார்கள். பொன்னும் வெள்ளியும் வாங்க வழியில்லாதவளுக்கு அது நகை. அடகுக் கடைக்குப் போகாத நகை, திருடன் கழற்ற முடியாத நகை, சாகும்போதும் கூடவே வரும் நகை.

அந்தப் பச்சையைத்தான் சானோ தேவி தாளுக்குக் கொண்டுவந்தார். ஒரு கோத்னா ஓவியத்தை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். நடுவில் ஒரு சிறு வட்டம். அதைச் சுற்றி ஒரு வளையம், அதில் கைகோத்து நிற்பதுபோல் ஒரே மாதிரியான ஆட்கள். அடுத்த வளையத்தில் பறவைகள், அதற்கடுத்ததில் செடிகள், மறுபடியும் ஆட்கள். தொடக்கத்தில் விளக்குக் கரியில் செய்த கறுப்பு மட்டும்தான். கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி இழுத்த கோடு. ஆளை ஆளாகக் காட்டக் கண்ணும் மூக்கும் தேவைப்படவில்லை. ஊசி குத்திய தோலில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் உருவம். அந்தச் சிக்கனமே ஓர் அழகாக மாறிவிட்டது. பளபளக்கும் வண்ணத்தில் பெரிய கண்களோடு நிற்கும் சீதா தேவியின் கண்ணன் ஒரு அழகு என்றால், நூறு பேர் ஒரே உயரத்தில் வளையமாக நிற்கும் இந்தக் கூட்டம் இன்னொரு அழகு. இந்தக் கூட்டத்தில் பெரியவன் சின்னவன் இல்லை.

தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட உடம்பு. அந்த உடம்பின் தோலில் இருந்ததைத்தான் ஊரும் உலகமும் பிறகு காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டின. நான் ஜித்வார்பூர்ப் பெண்களின் சாதனை என்று நினைப்பது இதைத்தான். ‘எங்களை ஒதுக்கினார்கள்’ என்று அவர்கள் எழுதிவைக்கவில்லை. ஒதுக்கியவர்களிடம் இல்லாத ஒரு சித்திர மொழி தங்களிடம் இருக்கிறது என்று காட்டினார்கள். அதை யாரும் கொடுத்துவிடவும் இல்லை, யாரும் பறிக்கவும் முடியாது.

அடுத்து அவர்கள் வரைந்தது ராஜா சல்ஹேசை. துசாத் மக்களின் வீரன், தெய்வம். யானை மேல் சல்ஹேஸ், குதிரைகளில் மோதிராம் முதலான தம்பிமார், பூக்கூடையோடு மாலினிப் பெண்கள் என்று மண் உருவங்களாகச் சிறு கோயில்களில் இருந்தவர்கள். இரவிரவாகப் பாடப்படும் நீண்ட கதைப்பாடல் அவனுடையது. சானோ தேவியின் கணவர் ரவ்தி பாஸ்வான் அந்தக் கதைகளைச் சொல்ல, அவை தாளுக்கு வந்தன. மதுரை வீரனையும் காத்தவராயனையும் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு சல்ஹேசைப் புரிந்துகொள்வது கடினமில்லை. பெரிய கோயிலுக்கு வெளியே நின்ற மக்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட அரசன் அவன். ராமனை வரையத் தடை என்றால், ராமனைக் கேட்டு வாசலில் நிற்காமல், தங்கள் அரசனை யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்.

ஜமுனா தேவி என்று இன்னொருவர். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். நீர்த்த சாணிக் கரைசலைத் தாளின் மேல் பூசிக் காயவிட்டு, அந்தப் பழுப்பு நிறத்தின் மேல் வரையும் வழக்கம் அவரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கடையில் வாங்கிய வெள்ளைத் தாள் சாணி மெழுகிய மண் சுவராக மாறிவிடுகிறது. கோத்னா ஓவியர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்று மதுபனி ஓவியம் விற்கும் கடைகளில் பழுப்புத் தாளில் வரைந்தவைதான் உண்மையானவை என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பழுப்பு யாருடைய குடிசைச் சுவரிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது.

ராந்தி கிராமத்து துலாரி தேவியின் கதை வேறு வகை. மீனவர் சாதியான மல்லாவில் பிறந்து, வயல் வேலையும் வீட்டு வேலையுமாக வாழ்ந்தவர். அவர் பெருக்கித் துடைத்த வீடு புகழ்பெற்ற ஓவியர் மகாசுந்தரி தேவியின் குடும்பத்து வீடு. வேலைக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கற்றார், பிறகு அந்த வீட்டாரிடமே முறையாகப் பயின்றார். துடைப்பம் பிடித்த அதே வீட்டில் தூரிகையும் கைக்கு வந்தது என்பதில் நன்றிக்கும் இடம் இருக்கிறது, கோபத்துக்கும் இடம் இருக்கிறது. துலாரி தேவி இரண்டையும் விட்டுவிட்டு மீன்பிடியையும் சந்தையையும் வெள்ளத்தையும் வரைந்தார். அவருடைய வாழ்க்கையை அவரே சொல்ல, அவர் ஓவியங்களோடு 2010இல் புத்தகமாக வெளியிட்டது சென்னையிலுள்ள தாரா புக்ஸ். அவருக்கு 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விருதைச் சொன்னதால் ஒரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஜகதம்பா தேவிக்கு 1975இல் பத்மஸ்ரீ. சீதா தேவிக்கு 1981இல், கங்கா தேவிக்கு 1984இல். மூவரும் தகுதியானவர்கள், அதில் ஐயமே இல்லை. கோத்னா பாணியை வளர்த்த சாந்தி தேவிக்கும் அவர் கணவர் சிவன் பாஸ்வானுக்கும் பத்மஸ்ரீ வந்தது 2024இல். முதல் விருதுக்கும் இதற்கும் இடையே 49 ஆண்டுகள். தாள் ஒன்றுதான், சந்தை ஒன்றுதான், மாவட்டம் ஒன்றுதான்.

இனி நேர் எதிரான ஒரு வழி. 1961இல் நாக்பூரில் பிறந்த சவி சவார்க்கர் வலியை மறைக்காமல் முகத்துக்கு நேராக வைக்கிறவர். பரோடாவில் படித்து, தில்லி ஓவியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பேஷ்வாக்கள் ஆட்சியில் புணே நகருக்குள் வரும் தீண்டத்தகாதவர், தன் காலடித் தடத்தைத் தானே கூட்டிக்கொண்டே போக இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டும், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் கலயம் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும் என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதினார். சவார்க்கரின் அச்சோவியங்களிலும் எண்ணெய் ஓவியங்களிலும் அந்தக் கலயமும் துடைப்பமும் திரும்பத் திரும்ப வருகின்றன. தடித்த கறுப்புக் கோடு, கூனிய முதுகு, கழுத்தில் கனக்கும் பானை. செத்த மாட்டோடு நிற்கும் மனிதன். பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண். புத்தகத்தில் படிக்கும்போது ஒரு வரியாகக் கடந்துபோய்விடும் செய்தி, சித்திரத்தில் கடக்க முடியாமல் நம்மை நிறுத்திவிடுகிறது. கலயம் எவ்வளவு பெரியது, அது நெஞ்சில் எங்கே இடிக்கும், குனிந்தால் என்ன ஆகும் என்று கண் தானாகக் கணக்குப் போடுகிறது.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. தலித் ஓவியர் என்றால் வலியைத்தான் வரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னொரு வேலி. வலியை வரைந்தால் கலை கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பதும் வேலிதான். பாட்னாவைச் சேர்ந்த மாளவிகா ராஜ் மதுபனி பாணியில் புத்தரின் வாழ்க்கையை வரைகிறார். அவருக்கு வேண்டியதை அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். எதை வரைவது என்று முடிவு செய்யும் உரிமைதான் ஆரம்பத்தில் மறுக்கப்பட்டது. பார்ப்பவர்களாகிய நாமும் அதே உரிமையை வேறு வழியில் மறுக்கக் கூடாது.

ஒதுக்கப்பட்ட அனுபவத்தைச் சித்திரமாக்குவதில் இந்தியாவில் வந்த மிகச் சிறந்த புத்தகம் என்று நான் சொல்வது ‘பீமாயணம்’. ரவிக்குமாரும் எஸ். ஆனந்தும் 2003இல் தொடங்கிய நவயானா பதிப்பகம் 2011இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழிலும் வந்திருக்கிறது. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் ஆனந்தும். ஓவியம் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வ்யாமும் அவர் கணவர் சுபாஷ் வ்யாமும். அம்பேத்கர் தன் வாழ்வில் பட்டதை எழுதிவைத்த ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற சிறு நூல்தான் அதற்கு அடிப்படை.

அந்த நூலின் முதல் சம்பவம் 1901இல் நடக்கிறது. சிறுவன் பீமும் உடன்பிறப்பும் மற்ற பிள்ளைகளுமாக, கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை உடுத்தியிருக்கிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி அன்பாக விசாரிக்கிறார். தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட மகார் சாதியினர் என்று தெரிந்ததும் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வருவது என்று முடிவாகிறது. கையில் சாப்பாடு இருக்கிறது. தண்ணீர் இல்லை. கேட்ட இடத்தில் கொடுக்க ஆளில்லை. இரவு முழுக்கத் தாகம்.

இதை எப்படி வரைவது? வறண்ட உதட்டையும் கண்ணீரையும் வரைந்திருக்கலாம். வ்யாம் தம்பதி அப்படிச் செய்யவில்லை. தாகத்தில் தவிக்கும் பீமின் உடல் மீனாகிவிடுகிறது. பின்னால் 1927இல் மகாத்தில் சவுதார் குளத்து நீருக்காக அம்பேத்கர் பேசும் காட்சியில், ஒலிபெருக்கிகள் நீர்த்தூவிகளாகிக் கூட்டத்தின் மேல் தண்ணீரைப் பொழிகின்றன. சாதி வெறியோடு பேசுகிறவரின் வாயிலிருந்து வரும் சொற்களுக்குத் தேள் கொடுக்கு. அன்பாகப் பேசுகிறவரின் சொற்கள் பறவை வடிவில். சித்திரக் கதைகளில் வழக்கமாக வரும் கட்டங்கள் இதில் கிடையாது. மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம், அவர்களுக்கு மூச்சு முட்டும் என்று ஓவியர்கள் சொல்லிவிட்டார்கள். கோண்டு வீடுகளில் திருமணத்துக்கும் அறுவடைக்கும் சுவரிலும் தரையிலும் போடும் திக்னா கோலத்தை வளைத்து வளைத்துப் பக்கங்களைப் பிரித்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்ட ஒரு மனிதரின் கதையைச் சொல்லும்போது கோட்டுக்குள் யாரையும் நிறுத்த மறுத்தது பெரிய முடிவு. ஒதுக்கலைச் சந்தித்த பழங்குடி ஓவியர்கள், ஒதுக்கலைச் சந்தித்த இன்னொருவரின் கதையைத் தங்கள் வீட்டுக் கோலத்தாலேயே சொன்னார்கள். துர்காபாய்க்கும் 2022ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இத்தனையும் வடக்கே நடந்தவை என்று கேட்டுவிட்டுப் போகத் தமிழ்நாட்டில் யாருக்கும் உரிமை இல்லை. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதத்தில்தான். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். சுவர், தொட்டி, குவளை. மூன்றும் கண்ணால் காணக்கூடிய பொருள்கள், வரையக்கூடிய பொருள்கள்.

இங்கே வந்திருக்கும் ஓவிய ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரமாக ஒரு தென்னை, ஓட்டு வீடு. எந்தத் தெருப் பிள்ளை வரைந்தாலும் அதே வீடு, அதே மலை. அடுத்த வகுப்பில் உங்கள் தெருக் குழாயை வரையுங்கள், நீங்கள் பள்ளிக்கு நடந்துவரும் வழியை வரையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். வரைந்து வந்ததில் எதையும் திருத்தாதீர்கள். எந்தப் பிள்ளையையும் உன் கஷ்டத்தை வரை என்று வற்புறுத்தவும் வேண்டாம். யானை மேல் அரசனை வரைந்து வந்தாலும் வாங்கி வையுங்கள்.

கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. ‘மதுபனி ஓவியம், பீகார்’ என்று மட்டும் அட்டை எழுதி மாட்டுவதை நிறுத்துங்கள். வரைந்தவரின் பெயரை எழுதுங்கள், ஊரை எழுதுங்கள், எந்தப் பாணி என்று எழுதுங்கள். சானோ தேவி, ஜித்வார்பூர், கோத்னா என்று ஓர் அட்டையில் இருந்தால், அதைப் படிக்கும் ஒருவராவது அந்த வளையங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பார். கேட்டால் சொல்லுங்கள்.